திருகோணமலையில் கத்தோலிக்கத் திருமணம்: மண்டபத்துக்கு முன் பங்குமனை

நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு பெரும்பாலான வீடுகளில் மண்டபம் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். நல்ல மண்டபம் கைநழுவிவிடுமோ என்ற பதற்றத்தில் முற்பணம் கட்டி, அழைப்பிதழ் மாதிரியும் பார்த்து முடித்த பிறகே பங்குத்தந்தையின் (உங்கள் பகுதி ஆலயத்துக்குப் பொறுப்பான குருவின்) நினைவு வருகிறது. அங்கே போனால், குறித்த நாள் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் விழுந்திருக்கும். அல்லது அந்த வாரம் பங்குத் திருவிழாவின் நவநாட்களாக இருக்கும். அல்லது மணமகன் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற ஊர் எதுவென்று அவருக்கே சரியாகத் தெரிந்திருக்காது. பிறகு இரண்டு குடும்பமும் ஓடித் திரிய வேண்டியதுதான். எங்கள் பங்கில் திருமணத்துக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்குத் துணை நிற்பவர்களில் நானும் ஒருவர். முதலில் பங்குமனை, பிறகு மண்டபம் என்பதைத்தான் எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்லி வருகிறேன்.

எப்போது, யாரிடம் போவது

திருமணத்துக்கு ஆறு மாதம் முன்பே போய்விடுங்கள். மூன்று மாதத்தில் முடித்தவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் இருவருமே ஒரே பங்கில் பிறந்து வளர்ந்தவர்களாக இருப்பார்கள். இருவரும் சேர்ந்தே போங்கள். பெற்றோர் வருவது நல்லதுதான்; பெற்றோர் மட்டும் போய் நாள் கேட்பது போதாது.

மணமகள், மணமகன் ஆகிய இருவரில் ஒருவர் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ வசிக்கும் பங்கில் திருமணம் நடக்கலாம். ஒரு மாதமாவது தங்கியிருக்கும் இடத்தின் பங்கையும் திருச்சபைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. மணமகளின் பங்கில்தான் நடக்க வேண்டும் என்பது வழக்கமே தவிரச் சட்டம் அல்ல. நீங்கள் உவர்மலையிலோ உப்புவெளியிலோ இருந்துகொண்டு, புனித மரியாள் பேராலயத்திலோ பாலையூற்று லூர்து அன்னை திருத்தலத்திலோ மணம் முடிக்க ஆசைப்பட்டால் அதற்கும் வழி உண்டு. உங்கள் சொந்தப் பங்குத்தந்தையின் அனுமதிக் கடிதம் வேண்டும். குரு இருவரையும் தனித்தனியே கேள்வி கேட்கும் விசாரணையும் பத்திரங்களும் சொந்தப் பங்கிலேயே முடிந்து, பின்னர் அந்த ஆலயத்துக்குப் போகும்.

நாள் குறிக்கும்போது வழிபாட்டு நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வெள்ளியிலும் பெரிய சனியிலும் திருமணம் கிடையாது. தவக்காலத்திலும் கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலத்திலும் பல பங்குகள் திருமணம் வைப்பதில்லை. வைத்தாலும் பூ அலங்காரமும் ஆடம்பரமும் இல்லாமல்தான். உறவினர் யாராவது முகூர்த்த நேரம் குறித்துக் கொண்டுவந்தால், ஆலயத்தில் நேரத்தைக் குறிப்பது பங்குத்தந்தை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது பின்னால் வரும் மனக்கசப்பைத் தடுக்கும்.

திருமுழுக்குச் சான்றிதழ்

பெரும்பாலானவர்கள் இடறி விழுவது இங்கேதான். முதல் நற்கருணைக்காக எடுத்த பழைய சான்றிதழை அம்மா பத்திரமாக உறை போட்டு வைத்திருப்பார். அது திருமணத்துக்கு உதவாது. அண்மையில், பொதுவாகக் கடந்த ஆறு மாதத்துக்குள், திருமுழுக்கு நடந்த பங்கிலிருந்து புதிதாக எடுத்த சான்றிதழ்தான் வேண்டும்.

காரணம் பதிவேட்டின் ஓரத்தில் இருக்கிறது. அந்தப் பெரிய புத்தகத்தில் ஒவ்வொருவருடைய பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர், திருமுழுக்குக் கொடுத்த குருவின் ஒப்பம் என்று வரிசையாக இருக்கும். பக்கத்து ஓரத்தில் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருப்பார்கள். திருமுழுக்கை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிப்பூசுதல் பெற்றால் அங்கே எழுதப்படும். திருமணம் செய்தால், எந்த ஆலயத்தில், எந்த நாளில், யாரை என்று அதே இடத்தில் எழுதப்படும். உலகின் எந்த மூலையில் கத்தோலிக்க முறைப்படி மணம் முடித்தாலும் அந்தச் செய்தி திருமுழுக்குப் பெற்ற பங்குக்குத் திரும்பி வர வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஓரம் வெறுமையாக இருக்கிறதா என்று இன்று பார்த்து எழுதிய சான்றிதழ்தான், நீங்கள் மணமாகாதவர் என்பதற்குத் திருச்சபையின் முதல் அத்தாட்சி. இருபது வருடத்துக்கு முந்திய தாள் அதைச் சொல்லாது.

நம் ஊருக்கு இதில் தனியான சிக்கல்கள் உண்டு. இன்று திருமண வயதில் இருக்கும் பலர் 1990இல் மீண்டும் மூண்ட யுத்தத்தின் இடப்பெயர்வுக்குப் பிறகு பிறந்தவர்கள். சிலர் தமிழ்நாட்டு முகாம்களில் திருமுழுக்குப் பெற்றார்கள். மண்டபம் என்ற ஊரின் முகாம் இருக்கும் இராமநாதபுரம் மாவட்டம் சிவகங்கை மறைமாவட்டத்துக்குள் வருகிறது. கடிதம் எழுத வேண்டியது அங்கே இருக்கும் பங்குக்கு. சிலர் மட்டக்களப்பில் திருமுழுக்குப் பெற்றிருப்பார்கள். அந்தக் காலத்தில் அது நம் மறைமாவட்டத்தோடு ஒன்றாக இருந்தது; 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது. இப்போது பதில் அங்கிருந்துதான் வர வேண்டும். தூரத்துப் பங்குக்குத் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். முழுப் பெயர், பிறந்த திகதி, பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், ஏறத்தாழத் திருமுழுக்குப் பெற்ற ஆண்டு, எல்லாவற்றையும் எழுதி, உங்கள் பங்குத்தந்தையின் கடிதத்தோடு அனுப்புங்கள். பதிவேட்டில் தேடுகிறவருக்கு ஞானத்தாயின் பெயர் ஒன்றே பல வேளைகளில் போதும்.

பதிவேடே அழிந்துவிட்டதென்றால்? மனம் உடைய வேண்டாம். திருமுழுக்கை நேரில் கண்ட, நம்பத்தக்க ஒரு சாட்சியின் வாக்குமூலத்தைத் திருச்சபைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஞானத்தந்தையோ பெரியம்மாவோ உயிரோடு இருந்தால் அவர்களைப் பங்குத்தந்தையிடம் அழைத்துச் செல்லுங்கள். வயது வந்த பிறகு திருமுழுக்குப் பெற்றவர் என்றால் அவருடைய சொந்தச் சத்தியவாக்கே போதும்.

பெயர் வேறுபாடும் அடிக்கடி வரும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், திருமுழுக்குப் பதிவேட்டில் சூசைப்பிள்ளை அல்லது மரியதிரேசா, கடவுச்சீட்டில் மூன்றாவது எழுத்துமுறை. பிறகு வெளிநாட்டு விசாவுக்குத் திருமணச் சான்றிதழைக் கொடுக்கும்போது இது பெரிய தலைவலியாகும். எல்லாத் தாள்களையும் ஒரு மேசையில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் முதல் சந்திப்பிலேயே பங்குத்தந்தையிடம் காட்டிவிடுங்கள்.

மற்றத் தாள்கள்

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, உறுதிப்பூசுதல் சான்றிதழ், ஆயத்த வகுப்பில் கலந்துகொண்ட சான்றிதழ், வேறு பங்கைச் சேர்ந்தவரானால் அந்தப் பங்குத்தந்தையின் கடிதம். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். நகரில் இருப்பவர்களுக்கு அது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். உறுதிப்பூசுதல் பெறாதவர்கள், பெரிய இடையூறு இல்லாவிட்டால், திருமணத்துக்கு முன் அதைப் பெற வேண்டும். அதை வழக்கமாக ஆயர்தான் கொடுப்பார். அவருடைய பங்கு வருகை எப்போது என்று கேட்டு அதற்கேற்ப ஆயத்தமாகுங்கள்.

முன்பு மணமாகித் துணையை இழந்தவர் இறப்புச் சான்றிதழ் காட்ட வேண்டும். நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற்றவருக்கு அந்தத் தீர்ப்பு மட்டும் போதாது. முந்திய திருமணத்தைப் பற்றித் திருச்சபை நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும், அதற்குக் காலம் எடுக்கும். முன்பு பதிவாளரிடம் மட்டும் பதிவு செய்து, ஆலயத்தில் மணம் முடிக்காமலே பிரிந்திருந்தாலும் மறைக்காதீர்கள். அதை ஆராய்ந்து தீர்க்கும் முறை வேறு, பெரும்பாலும் எளிது.

யுத்தத்தில் கணவரோ மனைவியோ காணாமற்போனவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எத்தனை வருடம் கடந்தாலும், ஆள் இல்லை என்பதை மட்டும் வைத்துத் திருச்சபை மறுமணத்துக்கு அனுமதிக்காது. அரசு வழங்கும் காணாமற்போனமைக்கான சான்றிதழும் மரணத்தை உறுதிசெய்யும் தாள் அல்ல. கண்டவர்கள், கேட்டவர்கள், கடைசியாகத் தெரிந்த செய்திகள் எல்லாவற்றையும் விசாரித்து, மரணம் நேர்ந்தது என்ற மன உறுதிக்கு வந்தால் ஆயர் ஓர் அறிவிப்பு வெளியிடுவார். அதன் பிறகே வழி திறக்கும். அது நீளமான, மனத்தைக் கீறும் வேலை. தனியாகப் போகாதீர்கள். உங்களைப் புரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் தொடங்குங்கள்.

மச்சானும் மச்சாளும்

மாமன் மகளையோ மாமி மகனையோ முடிப்பது நம்மிடையே உரிமை என்றே கருதப்படுகிறது. திருச்சபைச் சட்டத்தில் அது இரத்த உறவுத் தடை. கணக்கு எளிது: இருவருக்கும் பொதுவான தாத்தா பாட்டியை விட்டுவிட்டு, இடையில் இருக்கும் ஆட்களை எண்ணுங்கள். நீங்கள் ஒன்று, உங்கள் அம்மா இரண்டு, அம்மாவின் அண்ணன் மூன்று, அவருடைய மகள் நான்கு. பக்கவழியில் நான்காம் படி வரை தடை உண்டு. ஆயரின் விதிவிலக்கு இல்லாமல் அந்தத் திருமணம் செல்லாது. இரண்டாம் தலைமுறை மச்சான், மச்சாள் ஆறாம் படி; அங்கே தடை இல்லை.

நான்காம் படிக்கு விதிவிலக்குக் கேட்கலாம், கொடுப்பதும் உண்டு. பங்குத்தந்தை காரணத்தோடு விண்ணப்பம் எழுதி ஆயர் இல்லத்துக்கு அனுப்புவார். “எல்லோருக்கும் தெரிந்த சொந்தம்தானே” என்று பேசாமல் இருந்துவிட்டு, ஆலயத்தில் ஓலை (திருமண அறிவித்தல்) வாசித்த பிறகு யாரோ ஒருவர் எழுந்து சொல்லும் நிலையை உண்டாக்காதீர்கள். தாய்மாமன் தன் சகோதரியின் மகளை மணப்பதை நாட்டின் சட்டமே தடுக்கிறது. ஞானப்பெற்றோர் வழி உறவைத் தடை என்று சில பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் அந்தத் தடை இல்லை.

இந்துப் பிள்ளையை மணக்கும்போது

திருகோணமலையில் இது அன்றாடம். ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே அலுவலகத்தில் வேலை செய்பவர்கள். திருமுழுக்குப் பெறாதவரை மணக்க ஆயரின் விதிவிலக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் திருமணம் செல்லாது. மெதடிஸ்த, அங்கிலிக்கன் போன்ற சபைகளில் திருமுழுக்குப் பெற்றவரானால் ஆயரின் அனுமதி போதும்.

விண்ணப்பத்தோடு கத்தோலிக்கர் இரண்டு விடயங்களில் வாக்குறுதி கொடுக்க வேண்டும். தம் விசுவாசத்தை விட்டு விலகும் ஆபத்தை நீக்கிக்கொள்வது ஒன்று. பிறக்கும் பிள்ளைகள் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்று வளரத் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்வது மற்றது. வாக்குறுதி கொடுப்பது கத்தோலிக்கர் மட்டுமே. அந்த வாக்குறுதி என்னவென்று மற்றவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். அவர் மதம் மாற வேண்டியதில்லை. சில வீடுகளில் கலியாணத்துக்கு முன் அந்தப் பிள்ளைக்கு அவசரமாகத் திருமுழுக்குக் கொடுத்துவிடச் சொல்லி நெருக்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். திருமுழுக்கு விசுவாசத்தின் வாசல். கலியாணத் திகதிக்காக ஒருவரை அதற்குள் தள்ளுவது அவருக்கும் அநீதி, அருட்சாதனத்துக்கும் அநீதி. அவராகவே விரும்பிக் கேட்டால் அதற்கென்று ஆயத்தக் காலம் இருக்கிறது. அது அவசரப்படாமல் நடக்கட்டும்.

இன்னொரு கேள்வி தவறாமல் வரும்: காலையில் கோவிலில் தாலி கட்டி, மாலையில் ஆலயத்தில் மணம் முடிக்கலாமா? முடியாது. சம்மதத்தைக் கொடுக்கவோ புதுப்பிக்கவோ, ஆலயத் திருமணத்துக்கு முன்னும் பின்னும் வேறொரு சமயச் சடங்கு நடத்தக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இதை மணமகளின் அப்பாவுக்கோ மணமகனின் அம்மாவுக்கோ சொல்வது கடினம்தான். இருந்தாலும் நாள் குறிக்கும் முன்பே சொல்லுங்கள். இந்துப் பெரியவர்கள் வீட்டிலும் மண்டபத்திலும் அறுகரிசி தூவி ஆசீர்வதிப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆலயத்தில் மந்திரிக்கப்பட்ட தாலியும் கூறையும் இரு பக்கத்து உறவினருக்கும் நெருக்கமானவைதானே. வழக்கமாக இத்தகைய திருமணம் திருப்பலி இல்லாமல், இறைவார்த்தை வழிபாட்டோடு நடக்கும்.

ஆயத்த வகுப்பும் தனித்தனி விசாரணையும்

ஆயத்த வகுப்புக்கு இருவரும் சேர்ந்து போங்கள். சம்பளம், கடன், மாமியார் வீடு, குடி, பிள்ளைப்பேறு, இயற்கைவழிக் குடும்பக் கட்டுப்பாடு என்று வீட்டில் பேசத் தயங்கும் எல்லாமே அங்கே பேசப்படும். மணமகன் கனடாவிலோ பிரான்சிலோ இருந்தால், அவர் தம் பங்கில் வகுப்பை முடித்துச் சான்றிதழ் கொண்டுவரலாம். அவருடைய விசாரணையையும் அங்குள்ள பங்குத்தந்தையே நடத்தி, மணமுடிக்கத் தடையில்லை என்ற கடிதத்தோடு அந்த மறைமாவட்டத்தின் வழியாக இங்கே அனுப்ப வேண்டும். இது மாதக்கணக்கில் இழுபடக்கூடியது. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தொடங்குங்கள்.

விசாரணை என்றால் பயப்பட வேண்டாம். பங்குத்தந்தை இருவரையும் தனித்தனியே அழைத்து, படிவத்தில் உள்ள கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுதி, ஒப்பம் வாங்குவார். உண்மையே சொல்வதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருக்கும். அறைக்குள் பெற்றோருக்கு இடமில்லை.

“பிள்ளை, இந்தக் கலியாணத்துக்கு யாராவது உன்னை வற்புறுத்துகிறார்களா?”

“இல்லை, பாதர்.”

“வீட்டில் யாராவது பயமுறுத்தினார்களா? சீதனத்துக்காகவோ வெளிநாட்டுக்காகவோ சம்மதித்தாயா?”

இந்த இடத்தில் ஒரு பெண் சற்று நேரம் பேசாமல் இருந்தால், நல்ல குரு பேனையை மூடி வைத்துவிடுவார். பேச்சுத் திருமணங்கள் நிறைந்த நம் சூழலில் இந்தப் பத்து நிமிடம்தான் சில பிள்ளைகளுக்குச் சுதந்திரமாகப் பேசக் கிடைக்கும் ஒரே நேரம். வற்புறுத்தலால் கொடுத்த சம்மதம் சம்மதமே அல்ல என்பது திருச்சபையின் சட்டம். உங்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அங்கே சொல்லுங்கள். குரு திருமணத்தை நிறுத்தவோ தள்ளிவைக்கவோ முடியும்; பழியை அவர் தோளில் போட்டுக்கொள்வார். சாகும்வரை பிரியாமை, ஒருவருக்கொருவர் உண்மை, பிள்ளைகளை ஏற்றுக்கொள்வது ஆகிய மூன்றைப் பற்றியும் கேட்பார். பிள்ளையே வேண்டாம் என்று முடிவெடுத்திருப்பதையோ, பெரிய நோயையோ, முந்திய உறவில் பிறந்த குழந்தையையோ மற்றவரிடம் மறைத்திருந்தால், அதை வெளியே எடுக்க வேண்டிய நேரமும் இதுவே.

ஓலையும் பதிவும்

விசாரணை முடிந்ததும் இருவருடைய பங்குகளிலும் திருமண அறிவித்தல் வெளியாகும். ஞாயிறு திருப்பலியில் ஓலை வாசிப்பார்கள், அறிவித்தல் பலகையிலும் ஒட்டலாம். தடை ஏதாவது தெரிந்தவர் அதைப் பங்குத்தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டவர். மூதூரில் ஒருவர், நகரில் ஒருவர் என்றால், அங்கே வாசித்து முடிந்த கடிதம் இங்கே வந்து சேர வேண்டும். தபாலை நம்பாமல் நேரில் போய் வாங்கி வருவதே நல்லது.

நாட்டின் சட்டப்படியான பதிவு இதிலிருந்து வேறானது. இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது 10 நாட்கள் வசித்திருக்கும் பிரிவின் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்க வேண்டும். வேறு வேறு பிரிவுகளில் இருந்தால் இரண்டு இடத்திலும். 12 நாட்கள் கழித்துப் பதிவாளரின் சான்றிதழ் கிடைக்கும். அறிவித்தல் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்க வேண்டும், ஆகவே அளவுக்கு மிஞ்சி முந்தியும் கொடுக்காதீர்கள். சட்டப்படி பதிவு செய்யப்பட்ட ஆலயத்தில் குருவே திருமணத்தைப் பதிவு செய்யலாம். சில பங்குகளில் பதிவாளரை அழைப்பார்கள். உங்கள் பங்கின் வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் என்றால் பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். அவர்களுக்குக் கூடுதல் நடைமுறை உண்டு.

விசாவுக்காக எழுத்தை (சட்டப் பதிவை) முதலில் முடித்துவிட்டு, ஆலயத் திருமணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளுபவர்கள் இருக்கிறார்கள். திருச்சபையின் பார்வையில் அந்த எழுத்தோடு நீங்கள் கணவன் மனைவி ஆகிவிடவில்லை. பதிவு செய்திருப்பதைப் பங்குத்தந்தையிடம் சொல்லி, அந்தச் சான்றிதழையும் கொடுங்கள்.

கடைசி வாரம்

இருவரும் ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) பெறுங்கள். திருமணத்துக்கு முந்தின நாள் மாலை நெரிசலில் அதைத் தேடாமல், இரண்டு மூன்று நாள் முன்பே நிதானமாகப் பெற்றுக்கொள்ளுங்கள். வாசகங்களைத் தேர்ந்து, வாசிக்கப்போகிறவர்களிடம் முன்கூட்டியே கொடுங்கள். பாடகர் குழுவுக்குப் பாடல் பட்டியலைக் குரு பார்த்த பிறகு கொடுங்கள். திரைப்படப் பாடல்களுக்கு மண்டபத்தில் இடம் இருக்கிறது. படம் பிடிப்பவர் பீடத்தின் அருகே எதுவரை வரலாம் என்பதை அவரையே அழைத்துக் கேட்க வையுங்கள். இரண்டு சாட்சிகள் கட்டாயம். அவர்கள் ஒப்பமிட அடையாள அட்டையோடு வர வேண்டும் என்று நினைவூட்டுங்கள்.

காணிக்கை எவ்வளவு என்று வெளிப்படையாகக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கையில் இல்லாதவர்கள் அதையும் பங்குத்தந்தையிடம் சொல்லலாம். ஏழ்மையின் காரணமாக யாருக்கும் அருட்சாதனம் கிடைக்காமல் போகக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

திருமண நாளில் பதிவேட்டில் ஒப்பமிடும் முன், இருவருடைய பெயரையும் கடவுச்சீட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். மாலையும் கையுமாக நிற்கும்போது யாரும் எழுத்தைப் பார்ப்பதில்லை. அந்த வேலையைத் தோழனிடம் ஒப்படையுங்கள். ஆலயச் சான்றிதழிலும் சட்டச் சான்றிதழிலும் சில பிரதிகள் எடுத்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து, நீங்கள் திருமுழுக்குப் பெற்ற பங்குக்குத் திருமணச் செய்தி போய்ச் சேர்ந்து பதிவேட்டின் ஓரத்தில் எழுதப்பட்டதா என்று கேளுங்கள். புது வீடு வேறு பங்கில் என்றால், அங்கே உள்ள பங்குமனைக்குப் போய் உங்கள் குடும்பத்தைப் பதிந்துகொள்ளுங்கள்.